குடைக்குள் இருப்பது

இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாது. விமான நிலையச் சோதனை வரிசை ஓரடி முன்னால் போனது, யோகேந்திரனும் ஓரடி போனான், அந்த 'இல்லை'யும் அவனோடு ஓரடி வந்தது. சற்று முன்னால் டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் நல்லவளாகத்தான் தெரிந்தாள். கழுத்தில் நீல ஸ்கார்ஃப், இறுக்கிப் போட்ட கொண்டை, தூக்கம் போதாத கண்கள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த படங்களை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, "இதுல ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டாள். கத்தி இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது, லைட்டர், பட்டாசு, ஏதோ ஒரு சிலிண்டர். பின்னல் ஊசி இல்லை. அவன் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தான், பரீட்சைத் தாளின் பின்பக்கத்திலும் கேள்வி இருக்குமோ என்று புரட்டிப் பார்க்கிற மாதிரி. பிறகுதான் "இல்ல மேடம்" என்றான். படத்தில் இல்லாததை இல்லை என்று சொன்னான், அதில் என்ன பொய்? ஆனால் அவள் கேட்டது படத்தையா, பையையா? பையைத்தான். பையைத்தான் கேட்டாள். "பேக் போடறீங்களா சார்?" என்று அடுத்துக் கேட்டபோதும் வேண்டாம் என்றான், கையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றான். அவனுக்கு முன்னால் நின்றவரின் பெட்டி அந்தக் கறுப்புப் பட்டையில் போய் ஒரு ரப்பர்த் திரைக்குப் பின்னால் தொப்பென்று விழுந்த சத்தம் அவன் காதில் விழுந்திருந்தது. அப்படி விழுந்தால் ஊசி உருவிக்கொள்ளும். அம்மா சொல்லித்தான் அனுப்பினாள், மடியை விட்டு இறக்காதே என்று. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம். விமானத்தில் மடியில் வைத்துக்கொள்வதற்கு முன்னால் இத்தனை காக்கிச்சட்டைகள் இருப்பார்கள் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் இருந்த எஸ்டேட் லயத்து வீடுகளில் இதுவரை ஒருவரும் விமானம் ஏறியதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமல் அவன் செல்போனில் தேடினான். ஓரிடத்தில் பின்னல் ஊசி கொண்டுபோகலாம் என்று போட்டிருந்தது. இன்னோரிடத்தில் சோதனை செய்யும் அதிகாரியின் முடிவே இறுதியானது என்று போட்டிருந்தது. அந்த இரண்டாவது வாக்கியம்தான் மனதில் ஒட்டிக்கொண்டது. முதல் வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் அது வழுக்கிக்கொண்டு போனது, இரண்டாவது முள் மாதிரி நின்றது. அதிகாரி எப்படிப்பட்டவர், அவருக்கு வீட்டில் பின்னுகிறவர்கள் இருப்பார்களா, காலையில் அவர் யாரோடாவது சண்டை போட்டுவிட்டு வந்திருப்பாரா? தவிர, செல்போனில் சொன்னது கடையில் விற்கும் ஊசியைப் பற்றி. பிளாஸ்டிக், மூங்கில், மழுங்கிய முனை. அவன் பைக்குள் இருப்பது அதுவா?

அவன் பைக்குள் இருப்பது குடைக்கம்பி. அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது பிடித்திருந்த பழைய கறுப்புக் குடை, துணி கிழிந்து போன பிறகு அப்பா அதைப் பிரித்து இரண்டு கம்பிகளை வெட்டி எடுத்தார். தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியைத் தீட்டுகிற அதே அரத்தில் முனையைத் தேய்த்தார். தேய்த்துத் தேய்த்து, உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தேய்த்தார். இன்னொரு முனையில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒரு குண்டு வைத்தார், பின்னல் கண்ணிகள் அந்தப் பக்கம் நழுவாமல் இருக்க. கோத்தகிரிப் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான். கம்பளி நூல்தான் கடையில் வாங்குவது. கலா அக்கா ஊட்டி மார்க்கெட் கடைக்கு இந்த ஊசியில்தான் குல்லா பின்னிக் கொடுத்தாள், அந்தக் குல்லாக் காசில்தான் அவன் காலேஜுக்குப் போனான். அவள் பின்னுவதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் கை வந்துவிட்டது. விடுதியில் பரீட்சைக்கு முந்தின நாட்களில் கை நடுங்கும்போது போர்வைக்குள் வைத்துப் பின்னுவான், பிடிபட்டுவிட்டான், அன்றிலிருந்து அவன் பெயர் ஸ்வெட்டர். "டேய் ஸ்வெட்டர், எனக்கு ஒரு ஜட்டி பின்னிக் குடுடா, குளுருது." மூன்று வருஷம் அதே சிரிப்பு. அதெல்லாம் பரவாயில்லை. இப்போது எக்ஸ்ரே திரையில் அது எப்படித் தெரியும் என்பதுதான். நீளமாக, ஒல்லியாக, ஒரு பக்கம் கூராக, வீட்டில் கையால் செய்தது என்று பார்த்தவுடனே தெரிகிற மாதிரி. இதை எதற்கடா தீட்டினாய் என்று கேட்பார்கள். பின்னுவதற்கு என்பான். ஆம்பளையா நீ என்பார்கள். இல்லை, சிரித்தால்கூடப் பரவாயில்லை, சிரித்தால் விட்டுவிடுவார்கள். சிரிக்காமல் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஊசியை உருவு என்று சொன்னால்? அதுதான். அங்கே வந்ததும் அவன் நினைப்பு நின்றுவிடும், திரும்பி ஓடும், மறுபடி சுற்றி அங்கேயே வந்து நிற்கும். உருவக் கூடாது. அந்த ஊசியில் ஒரு மஞ்சள் சட்டை தொங்கிக்கொண்டிருக்கிறது. அக்கா ஆரம்பித்து அம்மா கழுத்துவரை கொண்டுவந்த குழந்தைச் சட்டை. கடைசி வரியை மூட வேண்டியதுதான் பாக்கி. மூடக் கூடாது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் பின்னுகிற எதையும் அவர்கள் லயத்தில் முடிக்க மாட்டார்கள், பிள்ளை பிறந்து முதல் அழுகை காதில் விழுகிறவரை ஊசி கம்பளியை விட்டுப் போகக் கூடாது. அழுத பிறகு பெற்றவளே மூடுவாள். அவன் வேதியியலில் பட்டம் வாங்கியவன். கம்பளிக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவனால் ஒரு பக்கத்துக்கு எழுத முடியும். ஆனால் அக்காவுக்குப் போன தடவை அம்மா அவசரப்பட்டாள். தீபாவளி வேலை வரும், பிறகு நேரம் இருக்காது என்று சொல்லி ஒரு சிவப்புக் குல்லாவை மூடிவிட்டாள். அந்தப் பிள்ளை அழவில்லை. யாரும் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அந்த முதுகுக்கு முன்னால் வேதியியல் என்ன சொல்லும்? இந்தத் தடவை அக்கா டெல்லியில் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கிறாள், எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், எந்த நாளும் பிரசவம் ஆகலாம், மச்சான் எல்லையில் இருக்கிறார், பட்டாளத்தில் லீவு கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. அதனால் யோகு போகிறான். மச்சான் செல்போனிலேயே டிக்கெட் போட்டு அனுப்பினார். "ரயில்ல வந்தா நீ வர்றதுக்குள்ள பிள்ளை நடக்க ஆரம்பிச்சிரும் மாப்ள" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, "சீக்கிரம் போயிரு" என்றார். அந்தக் குரல் இன்னும் காதுக்குள் இருக்கிறது.

வரிசை நகர்ந்தது. முன்னால் நின்றவர் பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். எல்லோரும் பெல்ட்டைக் கழற்றினார்கள், பெரிய பெரிய ஆட்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், காக்கிச்சட்டைக்கு முன்னால் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அப்பாவும் கேட்டிருக்க மாட்டார். அவன் ஐந்தாவதோ ஆறாவதோ படித்துக்கொண்டிருந்தான். பக்கத்து எஸ்டேட்டில் கவாத்து வேலை என்று அப்பா ஒருநாள் பஸ்ஸில் போனார், கத்தியைச் சாக்கில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, எப்போதும் போகிற மாதிரி. அன்றைக்கு என்று டவுனில் ஏதோ வெட்டுக்குத்து. வழியில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி ஏறினார்கள். பையில என்ன. ஒண்ணும் இல்ல சார். பொழுது சாய்கிறவரை ஸ்டேஷனில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். எஸ்டேட் ஆபீசர் போய்ச் சொன்ன பிறகு விட்டார்கள், கத்தியைத் தரவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். அதற்குப் பிறகு பஸ்ஸில் காக்கிச்சட்டை ஏறினால் அப்பா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார், ஊர் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், மழை பெய்தாலும். ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவன் காலேஜில் சேரப் போன அன்று, பஸ்ஸுக்கு நிற்கும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு: "கத்தி இருக்கு, கவாத்துக்குப் போறேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பான் தம்பி. ஒண்ணும் இல்லன்னு வாயில வந்துருச்சு. அதான் தப்பாப் போச்சு." வாயில் வந்துவிட்டது. யோகேந்திரனுக்கு இப்போது அந்த வாய் எது என்று தெரிந்தது. அவனுடைய வாய்தான் அது. நாக்கும் பல்லும் படிப்பும் வேறு, பயந்தால் திறக்கிற வாய் ஒன்றுதான் போலிருக்கிறது. திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா? மேடம், நான் முன்னே சொன்னது தப்பு. அவள் யாரையாவது கூப்பிடுவாள். அவர்கள் வந்து இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்பார்கள். அதைவிட மோசம், அவன் அதற்கு மேலும் ஒன்று செய்து வைத்திருந்தான். கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, பையிலிருந்த மடக்குக் குடையை எடுத்து அதன் கட்டை அவிழ்த்து, சட்டையை ஊசியோடு நீளவாக்கில் குடைத்துணிக்குள் செருகி, மற்ற ஊசியையும் பக்கத்தில் வைத்து, மடிப்புகளைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டான். திரையில் குடைக்கம்பிகளுக்கு நடுவில் இரண்டு குடைக்கம்பிகள். யாருக்குத் தெரியும்? அந்த யோசனை வந்தபோது அவனுக்குத் தன்மீது ஒரு பெருமைகூட வந்தது. கதவைத் திறந்து கண்ணாடியில் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. ஒளித்துவைக்கிறவனின் முகம் அது. ஊசி வைத்திருப்பது குற்றமா என்று தெரியாது. ஒளித்துவைத்ததற்கு என்ன பெயர் என்று தெரியும்.

"ட்ரே எடுங்க." எடுத்தான். பையை வைத்தான், பெல்ட்டை வைத்தான், செல்போன், பர்ஸ், அவனிடம் லேப்டாப் இல்லை, இல்லை என்பதை யாரும் கேட்காமலே இரண்டு தடவை சொன்னான். பை உருளைகள்மேல் உருண்டு அந்த இருட்டு வாய்க்குள் போனது. ரப்பர்த் திரை அதன்மேல் மூடிக்கொண்டது, போன தடவை அக்காவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது கதவு இப்படித்தான் இரண்டு பக்கமும் ஆடி ஆடி மூடியது, அவனும் மச்சானும் வெளியே, ஆடுவது நிற்கிறவரை இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு. பலகைமேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். கைகளை விரித்தான். ஒரு தடி அவன் உடம்பை மோப்பம் பிடிக்கிற மாதிரி மேலும் கீழும் போனது, சட்டைப் பையில் இருந்த பேனாவில் கீச்சென்றது. "பேனா சார்." சரி, போ. இறங்கினான். வெளியே வந்த தட்டுகளில் அவன் தட்டு இல்லை. முன்னால் நின்றவருடையது வந்துவிட்டது, பின்னால் நின்ற பெண்ணுடையது இன்னும் உள்ளே போகவில்லை. பட்டை நின்றிருந்தது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் கழுத்தை முன்னால் நீட்டினார். பட்டையைப் பின்னால் ஓட்டினார். நிறுத்தினார். பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டு இந்தியில் ஏதோ சொன்னார், அவரும் குனிந்து பார்த்தார். யோகேந்திரனுக்கு இந்தி தெரியாது. தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா, அதுவும் தெரியவில்லை. தன் கைகள் இரண்டும் பெல்ட் இல்லாத பேண்டைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான், அப்பா ஸ்டேஷனில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று இத்தனை வருஷமாக வராத படம் இப்போது வந்தது, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரில் முதுகு படாமல், சுவர் அவர்களுடையது என்பதால். விமானம் போய்விடும். அக்கா கட்டிலில் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊசியை உருவி ஒரு பெட்டிக்குள் போடுவார்கள், நகவெட்டிகளோடு, கத்தரிக்கோல்களோடு. மஞ்சள் சட்டையை அவன் கையில் கொடுப்பார்கள், கண்ணிகளின் வாயெல்லாம் திறந்து கிடக்கும். அதைக் கொண்டுபோய் அக்காவிடம் என்னவென்று கொடுப்பது? இந்தா அக்கா, வழியில் உருவிட்டாங்க. "யாரோட பேக்?" என்று நின்றவர் கேட்டார். அவன் கையைத் தூக்கினான். அவர் அவனை மேலிருந்து கீழே பார்த்தார். "அம்ப்ரெல்லா?" என்றார். இப்போது சொல்லிவிடலாம். இப்போது சொல்லிவிடு. உள்ளே ஒரு சட்டை இருக்கிறது சார், அதில் ஊசி இருக்கிறது. இது இரண்டாவது வாய்ப்பு, அப்பாவுக்கு இரண்டாவது கிடைக்கவில்லை. "யெஸ் சார்," என்றான். அவர் தலையை ஆட்டினார். பட்டை ஓடியது. பை வெளியே வந்து அவன் இடுப்பில் இடித்து நின்றது.

பயம் போயிருக்க வேண்டும். பெல்ட்டைப் போட்டுக்கொண்டான், ஒரு ஓட்டை தவறிப் போட்டு மறுபடி போட்டான். காத்திருக்கும் கூடத்தில் கண்ணாடிச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். வெளியே வெயில் கொளுத்தியது, ஒரு விமானத்தின் அடியில் இரண்டு பேர் நிழலுக்கு ஒதுங்கி நின்றார்கள். முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தான். மனம் நம்பவில்லை. விமானத்துக்குள் வேறு சோதனை இருக்கலாம். டெல்லியில் இறங்கும்போது இருக்கலாம். திரையில் பார்த்ததைச் சேமித்து வைத்திருப்பார்கள், யாராவது சாவகாசமாகப் பார்த்து, அட இது என்ன என்று எழுந்து வருவார்கள். தேடித் தேடிப் பயத்துக்கு ஒரு இடம் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான், அது ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வேறு இடம் கேட்டது. பிறகுதான் அந்த நினைப்பு வந்தது, மற்றவற்றைப் போல் சுற்றி வராமல் நேராக வந்தது: குடைக்குள் அது எப்படி இருக்கிறது? இறுக்கிக் கட்டினோமே. பை உருண்டதே, இடித்ததே. குடையை எடுத்து மடியில் வைத்துக் கட்டை அவிழ்த்தான். மஞ்சள் நூல் தெரிந்தது. மெல்ல இழுத்தான். வரவில்லை. கம்பளி எங்கேயோ மாட்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தபோது உள்ளே எதுவோ ஒன்று விட்டுக்கொடுத்த மாதிரி ஒரு சிறிய நழுவல், அது விரலில் தெரிந்தது, விரலில் இருந்து தோளுக்கு ஏறியது. இழுப்பதை நிறுத்திவிட்டான். குடையை விரித்தால்தான் எடுக்க முடியும். விமான நிலையத்துக்குள் குடையை விரிப்பதா? சுற்றிலும் பார்த்தான். பக்கத்து நாற்காலியில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவரும் மிக்ஸர் பொட்டலத்தோடு அவர் மனைவியும் இருந்தார்கள். அந்தப் பக்கம் தூணருகே துப்பாக்கியோடு ஒரு காவலர். எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று நினைக்கவில்லை, பார்ப்பார்களே என்று நினைத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விரித்தான், மூட்டு மூட்டாக, காயத்தில் ஒட்டிய துணியை எடுக்கிற மாதிரி. "ஏனுங் தம்பி," என்றார் வேட்டிக்காரர், "உள்ளார மழை வருதுங்களா?" மனைவி அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். "சும்மா இருங்க. அந்தத் தம்பி பாவம், மூஞ்சியப் பாருங்க, வேர்த்து ஊத்துது." குடை விரிந்தது. சட்டை அதன் உள்பக்கம் ஒரு கம்பியின் மூட்டில் மாட்டித் தொங்கியது. ஊசி தனியாகக் கீழே விழுந்து தரையில் உருண்டது.

அந்தச் சத்தம் மெல்லியதுதான், ஒரு தாள் கிளிப் விழுகிற அளவுதான். அவனுக்குக் கூடம் முழுக்கக் கேட்டது. கண்ணிகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒன்று ஏற்கெனவே கீழே இறங்க ஆரம்பித்திருந்தது, ஒரு வரி, இரண்டு வரி, ஏணி மாதிரி குறுக்குநூல் தெரிந்தது. யாரும் உருவவில்லை. எந்தக் காக்கிச்சட்டையும் தொடவில்லை. யாரும் எதுவும் கேட்காத இடத்தில் அவனே ஒளித்து, அவனே இறுக்கி, அவனே இழுத்து உருவிவிட்டான். அக்கா. அக்காவுக்கு இப்போது என்ன ஆகிக்கொண்டிருக்கும்? முட்டாள், இங்கே நூல் கழன்றால் அங்கே என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, சிவப்புக் குல்லாவுக்கும் ஒன்றும் இல்லை, நஞ்சுக்கொடி சுற்றியிருந்தது என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். எழுதிக் கொடுத்த பிறகும் அம்மா திரும்பி உட்கார்ந்திருந்தாளே. மூச்சை விட்டால் இன்னொரு கண்ணி இறங்கிவிடும் போல இருந்தது. குனிந்து ஊசியை எடுத்தான். எடுத்தபோதுதான் உறைத்தது, கூரான கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், தூணருகே நின்றவர் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார். மறைத்துக்கொள்ளலாம். மறைத்தால் சட்டை பிரியும். கை பழக்கத்தில் தானாகவே நகர்ந்தது, முதல் கண்ணிக்குள் முனையை விட்டது, அடுத்தது, அடுத்தது. ஊசி தவறவில்லை. கீழே இறங்கிய கண்ணியை ஒவ்வொரு படியாக மேலே ஏற்ற வேண்டும், குறுக்குநூலைத் தூக்கி, கண்ணியை அதன்மேல் போட்டு, மறுபடி தூக்கி. மிக்ஸர் வைத்திருந்த அம்மாள் குனிந்து பார்த்து, "கொழந்தைக்குங்களா? எந்த மாசமுங்க?" என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான், வாயைத் திறந்தால் எண்ணிக்கை தவறும். அப்போது செல்போன் அடித்தது. கலா அக்கா.

எடுக்காமல் இருக்க முடியாது, எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று அவளுக்குப் பயம் வரும். காதுக்கும் தோளுக்கும் நடுவில் செல்போனை இடுக்கிக்கொண்டான். "டேய் யோகு, உள்ள போயிட்டியா? எல்லாம் பார்த்தாங்களா?" குரல் படுத்துக்கொண்டு பேசுகிற குரல், தட்டையாக. "பார்த்தாங்கக்கா." "அம்மா காலையில இருந்து மூணு தடவ போன் பண்ணிட்டா. ஊசி அதுலதானே இருக்கு?" இதோ. ஆமாம் என்று சொல்ல ஒரு கணம்தான். பாதி உண்மைதான் அது, பாதிக் கண்ணிகள் ஊசியில்தான் இருந்தன, இன்னும் கொஞ்ச நேரத்தில் மீதியும் ஏறிவிடும், அவளுக்கு எப்போதும் தெரியப் போவதில்லை. டாக்டர் மனசுக்குப் பதற்றம் கூடாது என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்வதுதான் நல்லது. அவன் வாய் 'ஆமா'வுக்குத் திறந்துவிட்டது. அங்கேயே நின்றது. கவுண்டரில் ஒன்று, பட்டையருகே ஒன்று, இது மூன்றாவது. இந்த வாய் எத்தனை தடவைதான் இப்படித் திறக்கும்? "கழண்டுருச்சுக்கா," என்றான். "நான்தான். பயத்துல குடைக்குள்ள ஒளிச்சு வெச்சேன், மாட்டிக்கிச்சு. இப்பப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஒரே ஒரு கண்ணி எறங்கிருச்சு, அதை ஏத்திட்டேன்." அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு தட்டைக் கீழே வைக்கிற சத்தம், ஒரு நர்ஸ் யாரையோ அதட்டுகிற சத்தம். "அக்கா? அக்கா, ஏதாவது பண்ணுதா?" "இருடா, கத்தாத." மூச்சு விட்டாள். "நானே ஒரு தடவ மொத்தத்தையும் உருவிட்டேன்." அவன் கை நின்றது. "எதை?" "அதத்தான். அங்க இருந்தப்ப. அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தா. சட்டையோட முதுகு முக்கா பாகம் வந்துருச்சு, எடுத்து மடியில விரிச்சுப் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்குப் போட்டிருந்த சட்டை அளவே இருந்துச்சு. வெச்சுப் பார்க்க முடியல யோகு. உருவி, உருண்டையாச் சுத்தி, திரும்பப் பெரிசா ஆரம்பிச்சேன். அம்மா சாயங்காலம் வந்து, என்னடி இன்னும் இவ்வளவுதான் ஆச்சான்னா. முதுகு வலின்னு சொன்னேன்." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "யாருகிட்டயும் சொல்லல. உன் மச்சான்கிட்டகூட. இத்தனை நாளா ராத்திரியானா அதையே நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்." "எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?" "நீ ரொம்பச் சொல்லிட்ட." சிரித்துவிட்டாள். பிறகு, "எல்லாத்தையும் போட்டுட்டியா?" "இன்னும் கொஞ்சம் இருக்கு." "போடு. மெதுவாப் போடு. நான் லைன்லயே இருக்கேன்." அவன் போட்டான். அவள் மூச்சு காதில் வந்துகொண்டிருந்தது. கடைசிக் கண்ணி ஏறியதும் "ஆச்சு" என்றான். "அம்மாகிட்ட சொல்லாத," என்றாள், வைத்துவிட்டாள்.

தலையை நிமிர்த்தினால் முன்னால் பூட்ஸ். தூணருகே நின்றவர். "என்ன தம்பி அது?" தமிழ்க் குரல், திருநெல்வேலிப் பக்கத்து இழுப்பு. பயம் குறைந்திருக்கும் என்று அவன் நினைத்திருந்தான், குறையவில்லை. ஆனால் வாய் வேறு மாதிரித் திறந்தது. "குடைக்கம்பி சார். பின்ற ஊசி. எங்கப்பா அரத்துல தேச்சுக் குடுத்தது, கூரா இருக்கும். கவுண்டர்ல கேட்டாங்க, நான் இல்லன்னுட்டேன். அங்க அம்ப்ரெல்லாவான்னு கேட்டாங்க, ஆமாம்னுட்டேன். அதுக்குள்ளதான் இது இருந்துச்சு." வேட்டிக்காரர் மிக்ஸரை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே வைத்திருந்தார். காவலர் குடைக்குள் சும்மா கிடந்த இரண்டாவது ஊசியை எடுத்து முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இதெல்லாம் ஆரம்பத்துலயே சொல்லணும்லா?" "ஆமா சார்." "மேல போயிப் பின்னப் போறியா?" "இல்ல சார். பிள்ளை பொறந்தப்புறம்தான். அதுவரைக்கும் ஊசிய எடுக்கக் கூடாது." "யாரு சொன்னா?" "எங்க ஊர்ல, சார்." அவர் அவனைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், அதன் கை எவ்வளவு சிறியது என்று பார்த்தார். "அப்ப இது வேண்டாம்லா," என்று இரண்டாவது ஊசியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். "போட்டிருக்கத உருவச் சொல்லல. முனை இப்படி நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. எதையாவது மாட்டு." அவன் பேனா மூடியைக் கழற்றினான். மாட்டிப் பார்த்தான், லொடலொடத்தது. முனையில் கொஞ்சம் நூலைச் சுற்றி அழுத்தினான், கெட்டியாக உட்கார்ந்தது. ஒரு பக்கம் அப்பா வைத்த குண்டு, இந்தப் பக்கம் மூடி. இனி இழுத்தாலும் கண்ணிகள் எங்கேயும் போகாது. இதை வீட்டிலேயே மாட்டியிருக்கலாம். காட்டுவது என்று முடிவு செய்திருந்தால் தோன்றியிருக்கும், ஒளிப்பது என்று முடிவு செய்ததால் தோன்றவில்லை. காவலர் ஊசியோடு நடந்து போனார். அப்பா தேய்த்த ஊசி. போகிறதே என்று ஒரு கணம் இருந்தது, கூப்பிடவில்லை.

டெல்லிக்கு ஏறச் சொல்லி அறிவித்தார்கள். சட்டையைப் பைக்குள் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. மலைக் குளிருக்குப் போட்டு வந்த ஸ்வெட்டருக்குள், வயிற்றோடு சேர்த்து வைத்து, விழாமல் கீழே ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். அக்கா போன தடவையும் இப்படித்தான் நடந்தாள், கையைக் கீழே கொடுத்து, கால் எடுத்து வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து. கதவருகே அதே கவுண்டர்ப் பெண் நின்றிருந்தாள், நீல ஸ்கார்ஃப், தூக்கம் போதாத கண்கள். சீட்டை வாங்கிக் கிழித்துக்கொண்டே அவன் கையைப் பார்த்தாள். "சார், வயிறு ஏதும் வலிக்குதா?"

"இல்ல மேடம்," என்றான். ஓரடி வைத்தான். நின்றான். பின்னால் வந்தவர் அவன் முதுகில் மோதினார். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"பயமா இருக்கு மேடம்."